உப்புக் காலம்

அக்டோபரில் எங்கள் வீட்டில் யாருக்கும் பெயரில்லை.
"ஏய், வாளி!" "ஏய், கதவு!" அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கு வரிசையில் குனிந்த வித்தேனிஸ்
இருட்டியபின்தான் நிமிர்கிறான்.
டிராக்டருக்கு மறுபடியும் இருமல்.
உதேனா சந்தைக்கான தேன் ஜாடிகள்
லேபிள் இல்லாமல் படிக்கட்டில்.
வெள்ளிக்கிழமை உறைபனி என்கிறது வானொலி,
பாதி ஆப்பிள் இன்னும் மரத்தில்.

சமையலறையில், கழுவிய காலோடு
பீப்பாய்க்குள் நின்று
உப்பிட்ட முட்டைக்கோஸை மிதித்துக்கொண்டிருந்த உக்னே
சட்டென்று வாயைப் பொத்தினாள்.
ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காணோம்.

தேட நேரமில்லை.
சீமைச்சீரகம் தூவி, பலகை வைத்து
கல்லேற்றிவிட்டேன்.

இரவு பதினொன்று.
கணக்கு நோட்டில், விறகுக் கடனுக்குக் கீழே,
பென்சிலில், எழுத்துப் பிழையோடு:
"யார் தட்டில் வந்தாலும்
அது என்னுடையது."