ஈரம் காயாத அட்டை

ஆகஸ்ட் கடைசி வெள்ளி.
பள்ளி அலுவலகத்து மின்விசிறி
என் பக்கம் மட்டும் திரும்ப மறுக்கிறது.
டார்லா விக்கர்ஷம்
ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து
ஒரு மஞ்சள் அட்டையை மேசைமேல் வைக்கிறாள்.

ஜூன் மாதம் ஓடை வீட்டுக்குள் வந்தபோது
அட்டை குளிர்பெட்டியின் தலையில் இருந்ததாம்.
குளிர்பெட்டியே மிதந்ததாம்.
அதற்குப் பிறகு சாண் என்ன, முழம் என்ன.
மை முழுக்கக் கரைந்து ஒரே நீலம்.
ஓர் ஓரத்தில் மட்டும் 'இரண்டாம் தவணை'.
எதன் இரண்டாம் தவணை, என்றைக்கு,
ஓடையைத்தான் கேட்க வேண்டும்.

"போட்டாச்சுங்க.
சுரங்கத்தோட மூணாம் வாயிலை மூடினாங்களே, அன்னைக்கு.
கிளினிக்கைவிட்டு வெளியே வந்தா
ஆம்பிளைங்க எல்லாரும் சாப்பாட்டு டப்பாவோட
பட்டப்பகல்ல வீடு திரும்புறாங்க.
இவ ஊசிக்கு அழுதா.
நான் அதுக்கு அழல."

என் கணினியில் தேதிக்கு எட்டுக் கட்டங்கள்.
'மூன்றாம் வாயில்' என்று அடித்துப் பார்த்தேன்,
சிவந்து விழித்தது.
மாநிலப் பதிவேட்டில் ஜூனி விக்கர்ஷம் இல்லை.
ஜூனியஸ் விக்கர்ஷம் இருக்கிறார்,
எண்பத்தொரு வயது, நிமோனியா தடுப்பூசியோடு.
கிளினிக்கும் ஓடைக்கரையில்தான் இருந்தது.

"மறுபடி போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது"
என்கிறேன், நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி.
"பிள்ளைக்கு ஆகாது.
இப்போ கிளினிக் நாப்பது மைல்.
லீவு போட்டா எனக்குச் சம்பளம் கிடையாது."

அலமாரியில் இருபத்திரண்டு கோப்புகள்.
ஒன்றில் மட்டும் எல்லாக் கட்டமும் காலி,
புற்றுநோய் மருத்துவரின் கையெழுத்து.
அந்தப் பையன் தொப்பியோடு வருவான்,
வகுப்பிலும் கழற்ற வேண்டியதில்லை.
தட்டம்மை கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.
அவன் பெயரைச் சொன்னால் என் வேலை போகும்.

எண்ணூறு பேர் உள்ள ஊர்.
"ஹோபர்ட் மகன் இந்த வருஷம்தானே சேர்றான்?"
நான் ஸ்டேப்ளரைத் திறந்து பார்த்தேன்.
முள் நிறைய இருந்தது.

அவள் சுவரிலிருந்த காலண்டரையே
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"செவ்வாய்க்கிழமை லாட்டி வண்டி கொடுப்பா."
பிறகு குனிந்து, "எந்தக் கை?"

ஜூனி தரையில் உட்கார்ந்து
பழைய படிவத்தின் பின்புறம்
ஆறு கால் குதிரை ஒன்று வரைந்துகொண்டிருந்தாள்.
"இது" என்று
வேலையில்லாத கையை நீட்டினாள்.

அட்டையை அவர்கள் எடுத்துப் போகவில்லை.
கோப்பில் வைக்கலாமென்று எடுத்தேன்.
மேசையில், அதன் அளவுக்கு, ஈரம்.