இரண்டு வரிக்குள்

ஒரு வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து,
திரையில் இரண்டு வரி.
அதற்கு மேல் போனால் மென்பொருள் சிவந்துவிடும்.
தமிழ் இதற்கென்று பிறந்த மொழி இல்லை.
"போய்க்கொண்டிருந்திருக்கலாம்" என்று அடித்து முடிப்பதற்குள்
அந்த ஆள் செத்துப்போய்விடுகிறான்.

வளசரவாக்கம், மூன்றாம் மாடி, இரவு இரண்டேகால்.
கீழே மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தில்
யாரோ வெல்டிங் வைக்கிறார்கள்.
என் சியோல் அவ்வப்போது நீலமாக மின்னுகிறது.

ஸ்டூடியோவில் வரிக்குத்தான் காசு.
அதனால் பிணங்கள் எழுந்து ஓடிவரும் படமென்றால் எனக்குக் கொண்டாட்டம்:
லிஃப்ட்டுக்குள் பதினோரு பேர், பதினோரு பேரும் கத்துகிறார்கள்,
கதவை மூடு, என் பொண்ணு வெளிய இருக்கா, மூடுடா,
இரண்டு நிமிடத்தில் பாதி கரண்ட் பில் வந்துவிடும்.

போன மாதம் வந்த சின்னப் படத்தில்
ஒருத்தி ஒன்பது நிமிடம் முள்ளங்கி நறுக்கினாள்.
ஒரு வார்த்தை இல்லை.
ஒன்பது நிமிடமும் கூடவே உட்கார்ந்திருந்தேன், சம்பளமில்லாமல்.
அவள் கத்தியைக் கழுவி வைத்தபோது
ஏனோ நானும் எழுந்துபோய்
சிங்க்கில் கிடந்த தட்டைக் கழுவினேன்.

பழிவாங்கும் படங்களில்
ஒருவன் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டுவான்.
எங்களுக்கு அனுமதி "பொறுக்கி" வரை.
அது திரைக்கடியில் அடக்கமாக நிற்கும்,
பள்ளிக்கூட வாசலில் டிபன் பாக்ஸோடு நிற்கிற பிள்ளை மாதிரி.

"அப்பா" வந்தால் வேலை இல்லை, அங்கேயும் அப்பாதான்.
"சாப்டியா" என்றுதான் அவர்களும் தொடங்குகிறார்கள்,
கோபத்தில் வந்தவனும், கடன் கேட்க வந்தவனும்.
மாட்டிக்கொள்வது பனியில்.
வருடத்தின் முதல் பனி விழுகிறது,
காதலர்கள் மூடிய கடைவாசலில் நிற்கிறார்கள்.
எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி, மஃப்ளர், தொண்டைக் கட்டு.
"உறைபனி" என்று போட்டேன்.
ஃப்ரிட்ஜ் ஞாபகம் வருதே என்றார் ஒபதியா சார்.
"பனி" என்றே விட்டேன். மிச்சத்தைப் படம் பார்த்துக்கொள்ளட்டும்.

கொரியன் எனக்குப் படம் பார்த்து வந்ததில்லை.
இருங்காட்டுக்கோட்டையில் ஆறு வருடம்,
கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்யும் கம்பெனி,
நீலச் சட்டை, கழுத்தில் அட்டை:
தில்ஷாத், மொழிபெயர்ப்பாளர்.
மேனேஜர் ஐந்து நிமிடம் திட்டுவார்.
"கொஞ்சம் வேகமா செய்யச் சொல்றார்" என்பேன்.
லைனில் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பார்கள்.

சகாயராஜின் இரண்டு விரல் பிரஸ்ஸில் போன அன்று
அதே மேனேஜர் ஆஸ்பத்திரி வராந்தாவில்
இடுப்பு வரை குனிந்தார். நிமிரவே இல்லை.
மியான்ஹம்னிதா. மியான்ஹம்னிதா.
எச்.ஆர். என் காதருகே வந்தார்:
"மன்னிப்புன்னு சொல்லிடாதம்மா, கேஸாயிடும்."
நான் சொன்னேன்: "சார் வருத்தப்படுறாராம்."
படுறார்கூட இல்லை.
படுறாராம்.

இன்றைய படத்தில், லிஃப்ட்டை மூடிவிட்ட வாட்ச்மேன்
வெளியே நிற்கும் பெண்ணிடம்
கண்ணாடி வழியாக அதே சொல்லைச் சொல்கிறான்.
ஒன்றரை நொடி.
"மன்னிச்சிடும்மா" என்று அடித்தேன்.
பச்சை. இடம் நிறைய மிச்சமிருந்தது.
அன்றைக்கும் இருந்திருக்கும்.

சகாயராஜ் இப்போது போரூரில் பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறான்.
கொரியன் படமென்றால் உயிர், டப்பிங்கில் மட்டும்.
மூன்று விரலில் போனைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:
"எழுத்து ஓடிடுதுக்கா. அதப் படிச்சா ஆளப் பாக்க முடியல.
அந்த லிஃப்ட் படம் தமிழ்ல பேசி வந்தா சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.
டப்பிங்குக்கு எழுதுவது வேறு ஆள்.