நைலான் கயிற்றில் ஒரு நோட்டு

சீலோயே தீவின் கிழக்குக் கரையில்
படகுத்துறைத் தகரக் கொட்டகையில்
நூறு பக்க நோட்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டேன்.
காற்று பலத்தால் படகு வராது.
படகு வராவிட்டால்
டிக்கெட் சன்னலில் தலையை நுழைத்து
என்னைத் திட்டுவார்கள்.
திட்டுவதை எழுதிவையுங்கள் என்றேன்.
அவ்வளவுதான் நோக்கம்.

முதல் வாரம் வசவுதான்,
படகுக்கும் காற்றுக்கும்
என்னைப் பெற்றவளுக்கும்.

இரண்டாம் வாரம் ரெமிகியோ நாவெல்கின் வந்தார்,
வலை பழுது பார்ப்பவர்.
"வரவேண்டியது 7.30. வந்தது 9.12."
மறுநாளும் ஒரு வரி.
அதற்கு மறுநாளும்.
பெயரடை என்று ஒன்று அவரிடம் கிடையாது.
மனைவி போன அன்றும்
"வரவேண்டியது 7.30. வரவில்லை" என்றே எழுதினார்.
அந்தப் படகில் மருத்துவர் வருவதாக இருந்தது,
அதை நாங்களாகச் சேர்த்துப் படித்துக்கொண்டோம்.

ஓத்திலியா சிகுவாய் மில்காவோ சுடப் பக்குவம் எழுதினாள்:
உருளைக்கிழங்கில் பாதி துருவியது,
பாதி வேகவைத்து மசித்தது,
பன்றிக்கொழுப்பு கை கேட்கும் அளவு.
கீழே வேறொரு கையெழுத்து:
"உன் கை எப்போதும் கூடத்தான் கேட்கும்."
அதற்கு இவள் பதில்,
பதிலுக்குப் பதில்,
மூன்று பக்கம்.
கொழுப்பு கூடியதே தவிர
அளவு கடைசிவரை கிடைக்கவில்லை.

"மூன்று கோழி விற்பனைக்கு. ஒன்று கொத்தும்."
பத்து நாள் கழித்து அதன் ஓரத்தில்:
"இரண்டு போய்விட்டன. கொத்துவது இருக்கிறது."

தேர்தலுக்கு நிற்பவர் ஒருவர்
தன் சிரிப்பை ஒட்டிவிட்டுப் போனார்.
காலையில் அதற்குக் கொம்பு முளைத்திருந்தது.

ஒரு பக்கம் முழுக்க அடித்திருந்தது.
எழுதியவர் பேனாவை அழுத்திப் பிடிப்பவர் போலும்,
அடுத்த பக்கத்தை விரலால் தடவினால்
சொற்கள் தட்டுப்பட்டன.
தடவினேன்.
சொல்லமாட்டேன்.

யானாராவுக்குப் பதின்மூன்று வயது,
அக்கரைப் பள்ளிக்குப் போகிறவள்.
நங்கூரம் திருடும் ஒருத்தியின் கதையை
தாமதமான காலைகளில் மட்டும் எழுதினாள்.
ஒவ்வொரு முறையும் "தொடரும்."
இரண்டு மணி நேரம் தாமதமென்றால்
நீளமான அத்தியாயம்.
படகு மணிக்கு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை
கொட்டகையே சலித்துக்கொண்டது.

எழுதாதவர்கள்தான் அதிகம்.
படகில் ஏறும் வேலையே இல்லாமல்
மழையில் நனைந்து வந்து
நின்றபடி படித்துவிட்டுப்
போவார்கள்.

ஒருநாள் புவெர்த்தோ மோன்ட் நகரிலிருந்து
அதிகாரி வந்தார், ஈரக் கோட்டு.
புகார் விசாரணை.
ரெமிகியோவின் வரிகள் போதும்,
மற்றதெல்லாம் குப்பை,
கத்தரித்துக் கொடுங்கள் என்றார்.
கத்தரிக்கோலோடு உட்கார்ந்தோம்.
7.30-க்குப் பின்பக்கம் நங்கூரக்காரி ஏணியில் நின்றாள்.
9.12-இன் விளிம்பில் கோழி.
மருத்துவர் வராத நாளுக்குக் கீழே
கொழுப்பைப் பற்றிய கடைசிச் சொல்.
எந்த வரியை வெட்டினாலும்
இன்னொருவர் அறுபட்டார்.
முழு நோட்டையும் எடுத்துப்போனார்,
அட்டையில் எண் போட்டு.

நான் புது நோட்டு கட்டினேன்.

நாலு மாதம் கழித்துத் தொலைபேசி அடித்தது.
அதிகாரிதான்.
தீர்ப்பு வந்துவிட்டதாக்கும் என்று நிமிர்ந்தேன்.
குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:
"அந்தப் பெண் ஏணியிலிருந்து குதித்தாளா?
இங்கே நாங்கள் ஏழு பேர்..."

தெரியாது என்றேன்.
உங்கள் அபராதத்துக்குப் பிறகு
படகு நேரத்துக்கு வருகிறது.
கதை ஏணியிலேயே நிற்கிறது.

ரெமிகியோ மட்டும் தவறாமல் வருகிறார்.
கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்,
பேனாவை உதறுகிறார்:
"வரவேண்டியது 7.30. வந்தது 7.30."
எழுதி முடித்து
கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.