நல்லா இருக்கு என்றால் ஒரு வெள்ளி

வியாழன் இரவு ஒன்பதரைக்கு
ச்சியூவின் டயர் கடை ஷட்டர் பாதி இறங்கும்.
குனிந்துதான் நுழைய வேண்டும்,
யாராயிருந்தாலும்.

ஜாக்கியை ஓரம் தள்ளி
இரண்டு மேசை சேர்த்தால் எங்கள் இடம்.
ரப்பர் வாடை. விசிறிக்கு ஓர் இறக்கை குறைச்சல்.
வெளியே செம்பனைக் குலை ஏற்றிய கடைசி லோரி
பகாவ் டிராபிக் லைட்டில் நின்று
நாலு பழம் சிந்திவிட்டுப் போகும்.

பகலெல்லாம் நான் பேனர் அடிக்கிறவள்.
மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி,
தீம்பார் கால்பந்துக் கிண்ணம்:
மூன்றுக்கும் ஒரே ரோஜா,
நிறத்தை மட்டும் மாற்றுவேன்.
படம் வரைகிறவள் என்று சொல்லிக்கொண்டது
இந்த மேசையில்தான்.

கோமளவதி தீம்பார் ஆபீஸில் கணக்கு;
கணக்குத் தாளின் பின்பக்கம் கதை.
ஹஸ்ரின் ஓட்டுவது பள்ளி பஸ், போடுவது கார்ட்டூன்.
யோகநந்தன் கல்யாண போட்டோ.
ச்சியூ கிழிந்த டயரில் எருமை செய்கிறவன்;
நாலு முடிந்தது, ஐந்தாவது நாயாகிவிட்டது,
ஒப்புக்கொள்ள மாட்டான்.

பேச்சு பாதி மலாய், கால் தமிழ்,
மிச்சம் கையசைவு.
சட்டம் ஒன்றே ஒன்று:
'நல்லா இருக்கு' என்றால்
மைலோ டின்னில் ஒரு வெள்ளி,
எந்த மொழியில் சொன்னாலும்.

முதல் மாதம் டின் நிறைந்தது.
பிறகுதான் மெல்லப் பேச்சு வந்தது.
"இந்தக் கதையில் மழை எதற்கு?
அவள் அழுவதை மறைக்கவா?" என்றான் ஹஸ்ரின்.
கோமளவதி மூன்று வாரம் வரவில்லை.
நாலாம் வாரம் வந்தாள்,
மழையில்லாத கதையோடும்
ஒரு பை கச்சானோடும்.

என் முறை.
பன்னிரண்டு படம் பரப்பினேன்.
ச்சியூ நெடுநேரம் பார்த்தான்.
"உன் ஆட்களுக்கு ஏன் கையே இல்லை?"

இருந்தது. சட்டைப்பைக்குள் இருந்தது.
வாளிக்குப் பின்னால், பூச்செண்டுக்குள்,
முதுகுப்பக்கம் கட்டியபடி
இருபத்துநாலு கையும் இருந்தது,
கை வரையத் தெரியாத ஒருத்தி
ஒளித்துவைத்த இடங்களில்.

வீடு போகும் வரை
அவனை மனசுக்குள் திட்டினேன்.

அடுத்த வியாழன், கழுவாமலே நீட்டினான்.
"வரை."
நகக்கண்ணில் கரி. போல்ட் முறுக்கி முறுக்கி
வெளிப்பக்கம் வளைந்த கட்டைவிரல்.
தாளில் வந்தது நண்டு.
ஹஸ்ரின் விழுந்து விழுந்து சிரித்தான்.
சிரித்து முடித்துத் தன் கையை வைத்தான்.
இஞ்சி.
யோகநந்தன் விளக்கை ஒரு சாண் இறக்கி
"நிழலை முதல்ல போடு,
விரல் பின்னாலேயே வரும்" என்றான்.
உடனே வரவில்லை.
ஆறு மாதம், நானூறு கைக்குப் பிறகு
கோமளவதியின் மோதிரவிரல் மட்டும்
சரியாக வந்தது.

நடுவில் இன்னொன்றும் பழகினோம்:
விலை சொல்வது.
யோகநந்தன் வாடிக்கையாளராய் உட்காருவான்.
"எவ்வளவு?"
"நூற்றைம்பது. உங்களுக்கு எண்பது."
"மறுபடி."
"நூற்றைம்பது, ஆனா..."
"ஆனாவை விடு. மறுபடி."
போன வருஷ ஆல்பங்களுக்கு
இன்னும் பாக்கி வசூலிக்காதவன் அவன்.

நேற்று மருதாணிக் கடைக்காரி கஸ்தூரிமதி வந்தாள்.
போர்டு வேணும்.
"நெட்ல ரெண்டு கை எடுத்து ஒட்டிடுங்க."
"உங்க கையைக் காட்டுங்க" என்றேன்.

வரைந்தேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை.
சுண்டுவிரல் கொஞ்சம் முரண்டு பிடித்தது,
அப்படியே விட்டேன்.

"எவ்வளவு?"
"நானூறு."
பின்னால் பிரிண்டர் இரண்டு முறை இருமியது.
தொண்டை வரை வந்த ஆனாவை
எச்சிலோடு விழுங்கினேன்.

அவள் படத்தைத் தூக்கிப் பிடித்து
"நல்லா இருக்கு" என்றாள்.

பழக்கத்தில் நீண்டுவிட்டது என் கை:
"ஒரு வெள்ளி."

நானூறை எண்ணியவள் நிமிர்ந்து பார்த்தாள்.
பர்ஸைத் துழாவி
மேலே ஒன்று வைத்து,
"மொய்க் கணக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.