நூற்றுப் பதினான்காம் பெட்டி

காட் மீனின் தலைக்குள் ஒரு கல் இருக்கிறது,
அவரை விதை அளவில்.
குறுக்கே அறுத்து
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
நுண்ணோக்கியின் கீழ் வைத்தால்
வளையம் வளையமாக அதன் வயது.

இப்படி ஒன்பதாயிரத்து நானூறு கற்கள்.
வந்தபோது எனக்கு முப்பது.
இப்போது முப்பத்தேழு.
இதைத் தெரிந்துகொள்ள
எதையும் அறுக்க வேண்டியதில்லை.

பெர்கனில் மழை.
பெர்கனில் மழை என்று எழுதுவது
தண்ணீர் ஈரமாயிருந்தது என்று எழுதுவதுபோல.
என் வழிகாட்டி அடித்துவிடுவார்,
சிவப்பில்.

ஆறாம் ஆண்டு நவம்பரில்
நூற்றுப் பதினான்காம் பெட்டியில்
ஒரு சீட்டு இடம் மாறியிருப்பதைக் கண்டேன்.
எண்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்தேழு.
முதல் பொத்தான் தவறிய சட்டைபோல்
அதன் பிறகு வந்த பெட்டிகள் எல்லாம்
கடைசிவரை கோணல்.

சீட்டை மாற்றினால் போதாதா?
போதாது.
ஆண்டைத் தெரிந்துகொண்டே எண்ணியிருக்கிறேன்.
தெரிந்த கண்
இருக்க வேண்டிய வளையத்தைப் பார்த்துவிடும்.

யாருக்கும் தெரியாது, அதுதான் தொல்லை.
வரைபடம் அழகாயிருந்தது.
தவறு தெரிந்த பிறகும்
வெட்கமில்லாமல் அழகாகவே இருந்தது.

அன்றிரவு விலகல் கடிதம் எழுதினேன்.
இரண்டே பத்தி.
ஆறு ஆண்டில் ஒரே மூச்சில்
நான் எழுதி முடித்த ஒரே பக்கம்.

பெரிய நோக்கத்தை நினை என்றார்கள் சிலர்.
கடலை நினை, வருங்காலத்தை நினை.
நினைத்துப் பார்த்தேன். கடல் பெரிதாக இருந்தது,
நான் இன்னும் சின்னதானேன்.
ஹௌகேசுண்டில் இருக்கும் அக்கா
எப்போது முடியும் என்று கேட்பதை
எந்த மாதத்திலோ நிறுத்தியிருந்தாள்.
அதுதான் பயமாயிருந்தது.

ஆய்வுக்கூடத்து ஒட்வார்
ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.
"மறுபடி எண்ணப் போகிறாயா?"
தெரியாது என்றேன்.
"எண்ணுவதாக இருந்தால்
விளக்கு பல்பை மாற்ற வேண்டும்"
என்று சொல்லிவிட்டு
நான் பதில் சொல்லும் முன்பே
மாற்றிக்கொண்டிருந்தார்.

புது வெளிச்சத்தில்
பழைய கல் ஒன்றைச் சும்மா பார்த்தேன்.
ஏழு என்று பதிந்திருந்தேன்.
எட்டு.

ஒரு நாளைக்கு முப்பது என்று வைத்துக்கொண்டேன்.
நாலாயிரத்து இருநூறுக்கு நூற்று நாற்பது நாள்.
இருபத்தொன்பதை எண்ணி முடிப்பேன்.
முப்பதாவதை அறுத்து, எண்ணெய் விட்டு,
எண்ணாமல்
அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.
காலையில் போர்வைக்குள்ளிருந்து என்னை எழுப்புவது
கடலும் இல்லை, வருங்காலமும் இல்லை.
அந்த ஒரு கல்.

எல்லா நாளும் எழுப்பியது என்று சொல்ல மாட்டேன்.
பிப்ரவரியில் ஒன்பது நாள்
எண்ணெய் காய்ந்து கிடந்தது.
பத்தாம் நாள்
துடைத்து, புதுச் சொட்டு விட்டேன்.

விலகல் கடிதம் வீணாகவில்லை.
அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது,
எண்ணிக்கைக் கோடுகள் போட வசதியாக.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

வரைபடம் இப்போது அவ்வளவு அழகில்லை.
நான் நம்பியிருந்த மேடு கரைந்துவிட்டது.
வேறோர் ஆண்டில், யாரும் கேட்காத இடத்தில்,
சின்னதாக ஒரு பள்ளம்.
ஏன் என்று தெரியவில்லை.
தெரியவில்லை என்றே எழுதினேன்.
வழிகாட்டி அந்த வரியை
அடிக்கவில்லை.

இன்றைய முப்பதாவது
பெரிய கல், கிழட்டு மீன்.
விளிம்பில் வளையங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன.
பதினொன்றா, பன்னிரண்டா?

விளக்கை அணைக்கிறேன்.