லாட் 212

விடியக்காலம் நாலரைக்கு
குளச்சல் கரையில் சாளை ஏலம் விடுகிறவன் நான்.
எண்ணூறு, எண்ணூற்றைம்பது, தொள்ளாயிரம்...
மார்த்தாண்டத்து வியாபாரி மூக்கைச் சொறிந்தால் ஆயிரம்.
மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டால்
ஆள் விலகிட்டான்.
பதினெட்டு வருஷமாக முகத்தில்தான் விலை வாசிக்கிறேன்.

ராத்திரி ஏழரைக்கு
ஐஸ் கம்பெனி மாடியில், வைஃபை எட்டுகிற ஒரே மூலையில்,
லண்டன் ஏலத்தில் வாங்குகிறவன்.

லாட் 212. ஸ்கிரீன்பிரிண்ட். நாலு நிறம்.
எழுபத்தைந்தில் நாற்பத்தொன்றாவது தாள்.
மூடிய ஒரு சாளை டப்பா,
அவ்வளவுதான் படம்.
சிவப்பு மட்டும் தன் கோட்டை விட்டு
அரை மில்லி விலகிக் கிடக்கிறது.
மற்ற எழுபத்து நாலிலும் இப்படித்தானா என்று பார்க்க
மூணு மாசம் பழைய கேட்டலாக் தோண்டினேன்.
கிடைத்த பதினொன்றில் இல்லை.
நிலை அறிக்கை: இடது ஓரம் வெயிலில் மங்கல்,
பின்பக்கம் பசைத் தடம்.
செவுள் தூக்கிப் பார்த்தே பழகினவனுக்கு
இது பிடிபட நாளாகவில்லை.

எதிரே ஒரு எண். 418.
மூக்கில்லை, வேட்டியில்லை.
நான் இருநூறு பவுண்டு ஏற்றினால்
அதுவும் ஏற்றியது, உடனே.
மறுபடியும், உடனே.
பெரிய கையாக்கும் என்று நினைத்தேன்.
அப்புறம் ஒன்பது நொடி.

ஒன்பது நொடி எனக்குத் தெரியும்.
பக்கத்தில் யாரிடமோ கேட்கிறான்,
இல்லை, யாரிடமும் கேட்கக்கூடாது என்று
முடிவெடுக்கிறான்.
கரையில் என்றால் அந்த இடைவெளியில் குரலை ஏற்றுவேன்.
இங்கே விரலை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.
சுத்தியல் விழுந்தது.

வாங்கினவன் தலையில் இருபத்தாறு சதவீதம் கமிஷன்.
விற்றவனிடம் அது தனி.
நான் அஞ்சு எடுப்பதற்கே கள்ளன் என்கிறார்கள்.
சுங்கத்திலிருந்து போன்:
'சார், டப்பாவுக்குள்ள மீன் இருக்கா?'

உப்புக்காற்று தாளுக்கு ஆகாது.
என் வீட்டிலிருந்து அலைக்கு முந்நூறு அடி.
அதனால் அது நாகர்கோவிலில்,
பல் டாக்டர் ஆன்சலத்தின் ஏசி அறையில் இருக்கிறது.
வாயைப் பிளந்து கிடப்பவர்கள் பார்க்கிறார்கள்.
மாசம் ஒருதரம் நானும் பல் காட்டப் போகிறேன்.
பல்லுக்கு ஒன்றுமில்லை.

மெற்றில்டா ஒரே ஒருதரம் கூட வந்தாள்.
விலையைப் பாதிதான் சொல்லியிருந்தேன்.
ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
'உள்ள எத்தன சாளை கெடக்கும்?'
மூடியிருக்கே, என்றேன்.
'அதான் கேக்கேன்.'

போன வாரம் இன்னொரு ஏலம்.
டார்ச் பேட்டரி, மஞ்சள்மேல் கறுப்பு.
எதிரே 77.
உடனே ஏற்றியது. மறுபடியும் உடனே.
அப்புறம் நான் எண்ணினேன்: ஏழு, எட்டு, ஒன்பது.

எண்ணை மாற்றிக்கொண்டால் தெரியாதாக்கும், மக்கா.

விரலை எடுத்தேன்.
லேப்டாப்பை மூடினேன்.
விடியக்காலம் நெத்திலி வருகிறதாம்,
மூணு வள்ளம்.