அக்கா வகை

குண்டடம் வி.ஏ.ஓ. ஆபீஸ். கரண்ட் இல்லாத மதியம்.
படிவத்தில் மூன்றாவது கட்டம்:
காலஞ்சென்ற நாட்ராயனின் வாரிசுகள் எத்தனை பேர்.
ஒன்று என்று எழுதினேன்.
என் அப்பா குப்புராசு. இப்போது அவரும் இல்லை.

மூணே முக்கால் ஏக்கர் மேட்டுக்காடு.
சோளத்தட்டுகூட முழங்காலைத் தாண்டாத மண்ணில்
பக்கத்துக் காட்டுக் காத்தாடியின் நிழல்
நாளெல்லாம் உழுதுகொண்டிருக்கும்.
அதற்குத்தான் இத்தனை கையெழுத்து.

“மூணு தலைமுறை எழுதிட்டு வாங்க” என்றார் அவர்,
“பேரு, ஊரு, செத்த தேதி.”

கம்பெனியில் துணி வெட்டும் மேஜையிலிருந்து
மிஞ்சிய மார்க்கர் பேப்பர் நாலு மீட்டர் கிழித்து வந்தேன்.
பழுப்புத் தாள். அதன் முதுகில்
எந்த நாட்டுக் குழந்தைக்கோ கழுத்தளவு.
கீழே என் பேர். மேலே ஒரு கோடு.
கோட்டுக்கு மேல் கோடு போடப் போட
பேர் தீர்ந்தது, தாள் தீரவில்லை.

பள்ளிக்கூடச் சான்றிதழை நம்ப முடியாது.
எங்கள் வீட்டில் எல்லோரும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்,
ஹெட்மாஸ்டர் பெற்ற பிள்ளைகள்.
பட்டாவில் ஆண்கள் மட்டும் இருந்தார்கள்,
ஒருவரை ஒருவர் தாமே பெற்றுக்கொண்டதுபோல.
மொய் நோட்டு மட்டும் பொய் சொல்லாது.
திருப்பிச் செய்தாக வேண்டிய காசு அது.

பீரோ அடித்தட்டில் கிடைத்தது.
அப்பா கல்யாணம், எழுபத்து நாலு, தை.
கொடுவாய் சென்னியப்பன் 5.
மேட்டுக்கடை ரங்கநாயகி 2, தேங்காய் பழம்.
சூரியநல்லூர் பங்காளிகள் ஆறு பேர் சேர்ந்து 11.
பிறகு, பேனா தயங்கித் தயங்கி எழுதிய ஒரு வரி:
கருமத்தம்பட்டி. அக்கா வகை. 51.

அப்பாவுக்கு அக்கா கிடையாது.
அம்மாவைக் கேட்டேன்.
“அடுப்புல பால் வெச்சிருக்கறேன்” என்று எழுந்து போனாள்.
அடுப்பு அணைந்து கிடந்தது.

அண்ணன் சம்பத்து போனில் கத்தினான்:
“கெளறாத. கெளறுனா பங்குக்கு வருவாங்க.
ஒண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு.”

திங்கட்கிழமை லீவு போட்டேன்.
மாதா கோயில் ஆபீசில் கனத்த பதிவேடு ஒன்று;
மெயின்ரோட்டு லாரி ஒவ்வொன்றுக்கும் மேஜையோடு அதிர்ந்தது.
அறுபத்தொன்பது, ஆகஸ்ட்.
தெய்வாத்தாள் என்கிற தெரசா.
தகப்பன் நாட்ராயன், குண்டடம்.
பெண் வீட்டுச் சாட்சி என்ற இடத்தில் ஒரு சிறிய கோடு.

எங்கள் தாளில் அவள் இல்லை.
அவள் தாளில் நாங்கள் இருந்தோம்.

சோமனூர் ரோட்டில் தறி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை.
போர்டில்: உரிமையாளர், சேவியர் நாட்ராயன்.
எங்கள் வீட்டில் யாருக்கும் வைக்காத பேர்.
செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்,
“எந்த ஊருங்க?”
சொன்னேன்.
கம்பி நின்றது.

உள்ளே போய் அவரும் ஒரு நோட்டோடு வந்தார்.
அவர் அக்கா கல்யாணம், தொண்ணூற்று ஒன்று.
கடைசிப் பக்கம். எழுதுபவர் எழுந்து போனபின்
யாரோ தானே எழுதிவிட்டுப் போன ஒரே வரி.
மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத கை.
அந்தக் கையை எனக்குத் தெரியும்,
என் ரேங்க் கார்டு முழுக்க அதுதான்.

தமபி வகை. 101.

“அம்மா போயி எட்டு வருசமாச்சுங்க” என்றார்.
“இந்தப் பக்கத்த மட்டும் அப்பப்ப எடுத்துப் பாக்கும்.”
பிறகு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.
சொல்லச் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் படிவத்தைப் பிரித்தேன்.
ஒன்று. பால்பாயிண்ட் மை, அழியாது.
அடித்து எழுதினால் செல்லாது என்பார் வி.ஏ.ஓ.
புதுப் படிவம் பத்து ரூபாய், ஜெராக்ஸ் கடையில்.

சம்பத்துக்கு இன்னும் சொல்லவில்லை.